நடு நின்றால் குறி நிற்கும்

துப்பாக்கி சுடும் போட்டி என்றதும் நம்மவர்களுக்கு இரண்டு உறுப்புகள்தாம் நினைவுக்கு வரும். ஒன்று கண், மற்றொன்று விசையை இழுக்கும் விரல். கூர்மையான பார்வையும் பதறாத விரலும் இருந்தால் குறி தப்பாது என்பது பொதுவான எண்ணம். புறநானூற்றின் 152ஆம் பாட்டில் வரும் வல்வில் ஓரியைப் பற்றி நம்மில் பலர் பள்ளியில் படித்திருப்போம். அவன் விட்ட ஒரே அம்பு யானையை வீழ்த்தி, புலி, மான், பன்றி, உடும்பு என்று வரிசையாகத் துளைத்துச் சென்றதாக வன்பரணர் பாடுகிறார். அந்த அம்பின் வேகத்தை வியக்கிறோம். அதை விட்டவன் எப்படி நின்றிருப்பான் என்று யாரும் கேட்பதில்லை. இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியைப் பற்றியது.

முதலில் என்னைப் பற்றி இரண்டு வரி. அம்பூரி என்பது திருவனந்தபுரம் மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், நெய்யாறு அணையை ஒட்டிய மலையடிவார ஊர். கொஞ்ச தூரம் போனால் ஆறுகாணி, பத்துகாணி, அது தமிழ்நாடு. மேற்கே பாறசாலையும் நெய்யாற்றின்கரையும். 1956 நவம்பர் முதல் தேதி விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் ஆகிய நான்கு தாலுகாக்களும் தமிழ்நாட்டோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. ஆக, எங்கள் பக்கத்துத் தமிழர்கள் வேறு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தவர்கள் அல்ல. எல்லைதான் எங்களைத் தாண்டிப் பெயர்ந்தது. இந்த ஊர்களில் உடற்கல்வி ஆசிரியனாகப் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். 2015இல் கேரளத்தில் 35ஆவது தேசிய விளையாட்டுப் போட்டிகள் நடந்தபோது, துப்பாக்கி சுடும் போட்டிகள் திருவனந்தபுரம் வட்டியூர்க்காவில் நடைபெற்றன. அதற்குப் பிறகு எங்கள் பக்கத்துப் பிள்ளைகளும் ரைஃபிள், பிஸ்டல் என்று பேசத் தொடங்கினார்கள். அவர்களின் பெற்றோர் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "சாரே, துப்பாக்கி சுடுகதுக்கு வயித்துக்கு எதுக்குப் பயிற்சி?" நியாயமான கேள்வி. பதிலைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லுகிறேன்.

இரண்டு மில்லிமீட்டர் கணக்கு

முதலில் இலக்கின் அளவைப் பாருங்கள். 10 மீட்டர் ஏர் ரைஃபிள் போட்டியில் நடுவில் இருக்கும் பத்துப் புள்ளி, அரை மில்லிமீட்டர் குறுக்களவு உள்ள ஒரு பொட்டு. சுடும் குண்டின் குறுக்களவோ 4.5 மில்லிமீட்டர். அதாவது குண்டு இலக்கைவிட ஒன்பது மடங்கு பெரியது. புள்ளிகளைத் தசமத்தில் கணக்கிடுகிறார்கள். ஒரு குண்டுக்கு அதிகபட்சம் 10.9. அதை வாங்கக் குண்டின் மையம் இலக்கின் மையத்திலிருந்து கால் மில்லிமீட்டருக்குள் விழ வேண்டும். அதற்கு மேல் ஒவ்வொரு கால் மில்லிமீட்டர் விலகலுக்கும் 0.1 புள்ளி குறையும். 60 குண்டுகள், நேரம் 75 நிமிடம், கையில் ஐந்தரைக் கிலோ வரை எடையுள்ள ரைஃபிள். இதுதான் தகுதிச்சுற்று.

இனி, வெளிமாநிலத் தமிழ்க் குடும்பங்கள் தம் பிள்ளையாகவே நினைக்கக்கூடிய ஒருவரின் கணக்கு. இளவேனில் வாலறிவன் 1999இல் கடலூரில் பிறந்து, குஜராத்தின் அகமதாபாத்தில் வளர்ந்தவர். ஒலிம்பிக் வீரர் ககன் நாரங்கின் பயிற்சியகத்தின் வழியே முன்னேறியவர். 2019இல் ரியோ டி ஜெனிரோ உலகக் கோப்பையில் தங்கம், அதே ஆண்டு சீனாவின் புத்தியானில் நடந்த உலகக் கோப்பை இறுதிப் போட்டியில் தங்கம், 2023இல் மீண்டும் ரியோவில் தங்கம் என்று வென்றவர். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கின் தகுதிச்சுற்றில் அவர் எடுத்தது 630.7 புள்ளி, பத்தாவது இடம். முதல் எட்டுப் பேருக்கே இறுதிச்சுற்று. அதே போட்டியில் நம் நாட்டின் ரமிதா ஜிண்டால் 631.5 எடுத்து ஐந்தாவதாக வந்து இறுதிக்குள் நுழைந்தார்.

ஐந்தாம் இடத்துக்கும் பத்தாம் இடத்துக்கும் உள்ள வித்தியாசம் 0.8 புள்ளி. ஒவ்வொரு 0.1 புள்ளியும் கால் மில்லிமீட்டர் என்றால், 0.8 புள்ளி என்பது இரண்டு மில்லிமீட்டர். ஒரு குண்டில் அல்ல. 60 குண்டுகளிலும் சேர்த்து மொத்தமே இரண்டு மில்லிமீட்டர்! ஒரு குண்டுக்குப் பங்கிட்டால் தலைமுடியின் கனம்கூட வராது. 2025இல் ஆசியச் சாம்பியன்ஷிப் போட்டியில் தங்கம் வென்று அவர் எழுந்து நின்றார் என்பது வேறு. ஆனால் இந்த விளையாட்டில் எவ்வளவு சிறிய அசைவுக்கு எவ்வளவு பெரிய விலை என்பதை அந்தக் கணக்கு சொல்லிவிடுகிறது.

இன்னொரு கணக்கு. ரைஃபிளின் நீளத்தை ஏறக்குறைய ஒரு மீட்டர் என்று வைத்துக் கொள்வோம். இலக்கு 10 மீட்டர் தூரத்தில். பின்முனை அசையாமல் இருக்க, முன்முனை மட்டும் கால் மில்லிமீட்டர் விலகினால், இலக்கில் அது பத்து மடங்காகி இரண்டரை மில்லிமீட்டர் ஆகும். ஒரு முழுப் புள்ளி போயிற்று. கண் எவ்வளவு கூர்மையானாலும், விரல் எவ்வளவு மென்மையானாலும், அவை ஏறி நிற்கும் மேடை ஆடினால் என்ன பயன்? அந்த மேடைதான் உடம்பு.

அசையாமல் நிற்க முடியுமா?

முடியாது. உயிருள்ள எவராலும் முடியாது. இரண்டு பாதம் என்ற சின்ன அடித்தளத்தின் மேல் உயரமான உடம்பு நிற்கிறது. அதன் எடையின் மையம் இடுப்பெலும்புக்குள், தொப்புளுக்குச் சற்றுக் கீழே இருக்கிறது. தலைகீழாக நிறுத்திய ஊசல் போல அது எப்போதும் முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் மெல்ல ஆடிக்கொண்டே இருக்கும். கண், உட்செவியின் சமநிலை உறுப்பு, பாதத்திலும் மூட்டுகளிலும் உள்ள உணர்வு நரம்புகள் ஆகிய மூன்றும் ஓயாமல் செய்தி அனுப்ப, மூளை ஓயாமல் தசைகளை இழுத்தும் விட்டும் நம்மை நிறுத்தி வைக்கிறது. மூச்சு வந்து போகும்; இதயம் துடிக்கும்; அதெல்லாமும் ஆட்டம்தான்.

துப்பாக்கி சுடுபவர் இந்த ஆட்டத்தை இல்லாமல் ஆக்குவதில்லை. சிறியதாக்குகிறார், ஒரே சீராக்குகிறார். 1990களில் ஃபின்லாந்தில் நடந்த ஆய்வுகளில், தேர்ந்த ரைஃபிள் வீரர்கள் புதியவர்களைவிடக் குறைவாக ஆடுவதும், விசையை இழுப்பதற்கு முந்தைய சில நொடிகளில் அதை மேலும் குறைத்துக் கொள்வதும் தெரிய வந்தது. புதியவர்களால் அந்தக் கடைசி நொடி அடக்கம் முடியவில்லை. அந்த அடக்கத்தைத் தருவது எது என்பதுதான் நம் கேள்வி.

'நடு' என்பது எது?

மலையாளத்தில் இடுப்பையும் முதுகின் கீழ்ப்பகுதியையும் சேர்த்து 'நடு' என்பார்கள். எல்லையோரத் தமிழர்களாகிய நாங்களும் "நடு வலிக்குது", "நடு நிமிராம வேலை" என்றே சொல்லிப் பழகியவர்கள். இன்று உலகமெங்கும் 'கோர்' என்ற பெயரில் பேசப்படுவது ஏறக்குறைய இந்த நடுவைத்தான். எனவே நடு என்றே சொல்லுகிறேன்.

நடுவை ஒரு பீப்பாய் என்று நினைத்துக் கொள்ளுங்கள். மேல்மூடி, மூச்சை இழுக்கும் உதரவிதானம். அடித்தட்டு, இடுப்புக் குழியின் தளத் தசைகள். சுற்றுச்சுவர், அரைப்பட்டி கட்டியது போல வயிற்றைச் சுற்றி ஓடும் ஆழத்துத் தசையும், அதன் மேல் குறுக்கும் நெடுக்குமாக ஓடும் சாய்வுத் தசைகளும். பின்சுவர், முதுகெலும்பின் ஒவ்வொரு கணுவையும் அடுத்த கணுவோடு கட்டும் சிறு தசைகள். இவற்றோடு புட்டத் தசைகளையும் சேர்த்துக் கொள்ள வேண்டும். பீப்பாயைக் கால்களோடு பிணைப்பவை அவையே. கண்ணாடியில் தெரியும் 'சிக்ஸ் பேக்' வயிறு இந்தப் பீப்பாயின் முன்பக்கப் பலகை மட்டும்தான். அது அழகாக இருந்து, மற்றவை தளர்ந்திருந்தால் பீப்பாய் ஒழுகும்.

இதில் வியப்பான செய்தி ஒன்று உண்டு. 1990களில் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் கண்டது: நாம் கையைத் தூக்கும்போது முதலில் வேலை செய்வது கைத்தசை அல்ல; வயிற்றைச் சுற்றியுள்ள ஆழத்துத் தசை ஒரு கணம் முன்னதாகவே இறுகி முதுகெலும்பைத் தயார் செய்கிறது. கீழ்முதுகு வலி உள்ளவர்களிடம் அந்த முன்தயாரிப்பு தாமதமாகிறது. பிஸ்டல் வீரர் ஒவ்வொரு குண்டுக்கும் கையைத் தூக்கி நீட்டுகிறார். நீட்டிய கை ஒரு நெம்புகோல். அதன் நுனியில் ஒரு கிலோ எடை. நடு நேரத்தோடு இறுகினால் தோள் தன் வேலையை மட்டும் பார்க்கும். இல்லாவிட்டால் தோளே உடம்பையும் தாங்க முயன்று நடுங்கும்.

பலம் எதற்கு? தளர்ந்து நிற்க

இங்கே விவரம் தெரிந்த பெற்றோர் ஒரு தடை எழுப்புவார்கள். "ரைஃபிளைத் தசையால் தூக்காதே, எலும்பின் மேல் வை என்று பயிற்சியாளர் சொல்லுகிறாரே; அப்புறம் பலம் எதற்கு?" பயிற்சியாளர் சொல்வது சரி. நின்று சுடும் நிலையில் வீரர் இடுப்பை இலக்கின் பக்கம் தள்ளி, மேலுடம்பைச் சற்றுப் பின்னுக்குச் சாய்த்து, இடது முழங்கையை இடுப்பெலும்பின் மேல் ஊன்றிக் கொள்கிறார். துப்பாக்கியின் எடை கை எலும்பு, இடுப்பெலும்பு, கால் எலும்பு வழியாகத் தரைக்கு இறங்குகிறது. தசைகள் தளர்ந்திருக்க வேண்டும்.

ஆனால் எலும்புகள் தாமாக அடுக்கி நிற்பதில்லை. செங்கல் அடுக்குக்குச் சாந்து போல அவற்றை நிறுத்துவது நடுத் தசைகள். பலமுள்ள தசைக்கு அது சிறிய வேலை. பலமில்லாத தசைக்கு அதுவே பெரிய வேலை. தசை தன் முழு பலத்தின் எல்லையை நெருங்க நெருங்க நடுக்கம் கூடும் என்பது உடலியல் விதி. அரைக்குடம் தண்ணீரைக் கையில் பிடித்து நிற்கும்போதும் நிறைகுடத்தைப் பிடித்து நிற்கும்போதும் கை எப்படி இருக்கிறது என்று நினைத்துப் பாருங்கள். குடம் மாறாமல், கைப் பலம் இரண்டு மடங்கானாலும் அதே பயன்தான். ஆக, துப்பாக்கி வீரருக்குப் பலம் வேண்டியது பாரம் தூக்க அல்ல. தூக்குவதே தெரியாமல் தளர்ந்து நிற்க. இந்தக் கட்டுரையில் நினைவில் வைக்க வேண்டிய ஒரே வாக்கியம் இதுதான்.

எங்கள் ஊரில் இதைப் பாடம் படிக்காமலே தெரிந்தவர்கள் உண்டு. ரப்பர் பால்வெட்டுக்காரர்களைச் சொல்லுகிறேன். விடியுமுன் தலையில் விளக்கைக் கட்டிக் கொண்டு, சரிவான தோட்டத்தில் மரத்துக்கு மரம் ஏறி இறங்கி, முந்நூறு மரங்களுக்கு மேல் வெட்டுவார்கள். ஒவ்வொரு வெட்டிலும் சீவி எடுக்கும் பட்டை ஒன்று ஒன்றரை மில்லிமீட்டர் கனம். ஆழம் குறைந்தால் பால் வராது. சற்று மிஞ்சினால் மரத்துக்குக் காயம், புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். அவர்கள் வெட்டுவதைக் கவனித்தால் ஒன்று புரியும். கை நகர்வதைவிட, கால் ஊன்றி நடு திரும்புவதுதான் அதிகம். கை சும்மா அதன் கூடப் போகிறது. முந்நூறாவது மரத்திலும் முதல் மரத்தின் கனத்திலேயே பட்டை சுருண்டு விழும். தெக்கன் களரியிலும் குமரி மாவட்டத்து அடிமுறையிலும் முதலில் கற்பிப்பது சுவடுதான். ஆயுதம் பிறகுதான் கைக்கு வரும். நிற்கத் தெரியாதவன் கையில் கம்பு கொடுத்து என்ன ஆகப் போகிறது என்பது ஆசான்களின் கணக்கு.

முதுகின் விலை

இது புள்ளிகளுக்கான விஷயம் மட்டும் அல்ல. நின்று சுடும் ரைஃபிள் நிலையை மறுபடி யோசியுங்கள். முதுகெலும்பு பின்னுக்கு வளைந்து, பக்கவாட்டில் சாய்ந்து, கொஞ்சம் முறுகியும் இருக்கிறது. அதே பக்கம், அதே வளைவு, அதன் மேல் ஐந்து கிலோ, ஆயிரக்கணக்கான முறை. வளரும் பிள்ளைகளின் முதுகுக்கு இது சின்னச் சுமை அல்ல.

அபினவ் பிந்த்ராவை எல்லாருக்கும் தெரியும். 2008 ஆகஸ்ட் 11 அன்று பெய்ஜிங்கில் 10 மீட்டர் ஏர் ரைஃபிளில் 700.5 புள்ளி எடுத்து, ஒலிம்பிக்கில் தனிநபர் தங்கம் வென்ற முதல் இந்தியர் ஆனார். அதற்கு முன் நடந்தது பலருக்குத் தெரியாது. 2006இல் ஜாக்ரெப் நகரில் உலகச் சாம்பியன் ஆன கையோடு முதுகுக் காயம் அவரைப் படுத்தியது. அந்த ஆண்டு தோஹா ஆசியப் போட்டியில் அவரால் கலந்து கொள்ள முடியவில்லை. நெடுநாள் ரைஃபிளைத் தூக்கவே முடியாத நிலை. உடம்பை மறுபடி கட்டியெழுப்பிய பிறகே பெய்ஜிங் வந்தது. உலகச் சாம்பியனின் முதுகுக்கே இந்தக் கதி என்றால், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையின் முதுகு எம்மாத்திரம்?

அப்படி ஒரு பிள்ளையை அவளுடைய அம்மா என்னிடம் கூட்டி வந்தார். "சாரே, இவளுக்கு நடு வலி. ராத்திரி புரண்டு படுக்க ஒக்கல்ல. ஆனா துப்பாக்கிய விடமாட்டேங்கா." விசாரித்தேன். பெரியவர்களுக்கான எடையில் ரைஃபிள். நடுவைப் பலப்படுத்து என்று யாரோ சொன்னதைக் கேட்டு, தினமும் 200 தடவை படுத்து எழும் 'சிட்-அப்'. முதுகெலும்பைப் பின்னுக்கு வளைத்து இரண்டு மணி நேரம் சுட்டுவிட்டு, வீட்டுக்கு வந்து முன்னுக்கு மடக்கி 200 தடவை! கம்பியை இப்படியும் அப்படியும் வளைத்தால் என்ன ஆகும்? முதலில் எலும்பு மருத்துவரிடம் அனுப்பினேன். எலும்பில் குறை இல்லை என்று அவர் சொன்ன பிறகு சிட்-அப்பை நிறுத்தி, கீழே சொல்லப் போகும் பயிற்சிகளை எளியதிலிருந்து தொடங்கினோம். துப்பாக்கியின் எடையைக் குறைத்து, சுடும் நேரத்தைப் பாதியாக்கினோம். சில மாதத்தில் அவள் வலியில்லாமல் முழுப் போட்டியும் நின்றாள். அவளுடைய புள்ளிகள் உயர்ந்தன என்பதைவிட, ராத்திரி தூங்கினாள் என்பதுதான் அவள் அம்மாவுக்குப் பெரிய செய்தி.

என்ன செய்ய வேண்டும்?

கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் முதுகெலும்பை நெடுங்காலம் ஆராய்ந்த ஸ்டூவர்ட் மெக்கில், முதுகை மடக்கி நிமிர்த்தும் பயிற்சிகளைவிட, முதுகை நேராக நிறுத்திப் பிடிக்கும் பயிற்சிகளையே பெரிதும் வலியுறுத்தியவர். 10 நொடி அளவில் பிடித்து, விட்டு, மறுபடி பிடிப்பது அவர் முறை. துப்பாக்கி வீரருக்கு இது கச்சிதமாகப் பொருந்தும். ஒரு குண்டுக்குக் குறியைப் பிடிப்பது பெரும்பாலும் 10 நொடிக்குள், பிறகு இறக்கி ஓய்வு, மறுபடி தூக்கல். போட்டி எப்படியோ பயிற்சியும் அப்படி.

மூச்சு: மல்லாந்து படுத்து முழங்காலை மடக்குங்கள். கையை வயிற்றில் வைத்து மெதுவாக மூச்சு விடுங்கள். யாரோ விளையாட்டாக வயிற்றில் குத்த வருவது போல லேசாக இறுக்கி, இறுக்கத்தை விடாமலே மூச்சு விடப் பழகுங்கள். 10 மூச்சு. மற்ற எல்லாவற்றுக்கும் இதுவே அடிப்படை.

மல்லாந்த பூச்சி: அதே நிலையில் கைகளும் மடக்கிய கால்களும் மேலே. வலது கையையும் இடது காலையும் மெதுவாகத் தரையை நோக்கி இறக்கி, திரும்பக் கொண்டு வாருங்கள். பிறகு மறுபக்கம். முதுகு தரையை விட்டு எழும்பக் கூடாது. பக்கத்துக்கு 6 முதல் 8 தடவை.

எதிர் கை-கால் நீட்டல்: முட்டியும் உள்ளங்கையும் ஊன்றி, ஒரு கையை முன்னும் எதிர்ப்பக்கக் காலைப் பின்னும் நீட்டி 8 முதல் 10 நொடி. முதுகின் மேல் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்தாலும் சிந்தாத அளவுக்கு நேராக இருக்க வேண்டும். பக்கத்துக்கு 5.

பலகை நிலை: முழங்கை ஊன்றி உடம்பைப் பலகை போல நிறுத்துங்கள். 10 நொடி வீதம் 5 தடவை. ஐந்து நிமிடம் நின்றேன் என்று பெருமை பேசுவதில் துப்பாக்கிக்குப் பயன் ஒன்றுமில்லை.

பக்கப் பலகை: ஒருக்களித்து, முழங்கை ஊன்றி இடுப்பைத் தூக்குதல். தொடக்கத்தில் முட்டியை ஊன்றிக் கொள்ளலாம். 10 நொடி வீதம் பக்கத்துக்கு 4. ரைஃபிள் பிள்ளைகளுக்கு இது மிக முக்கியம். ஒரு பக்கம் பலமாகவும் மறுபக்கம் சோர்ந்தும் இருப்பது இதில்தான் தெரிய வரும். சோர்ந்த பக்கத்துக்கு ஒரு தடவை கூடுதல்.

பாலம்: மல்லாந்து, முழங்கால் மடக்கி, புட்டத்தை இறுக்கி இடுப்பைத் தூக்கி 5 நொடி. 10 தடவை.

ரப்பர் பட்டை: உடற்பயிற்சிக்கான ரப்பர் பட்டையை ஜன்னல் கம்பியில் நெஞ்சுயரத்தில் கட்டி, பக்கவாட்டில் நின்று, இரு கையாலும் பிடித்து நெஞ்சிலிருந்து நேர் முன்னே தள்ளிப் பிடியுங்கள். பட்டை உங்களைத் திருப்பப் பார்க்கும். திரும்பாமல் 5 நொடி நில்லுங்கள். பக்கத்துக்கு 8.

ஒற்றைக்கால்: சுவரின் அருகில் ஒரு காலில் 30 நொடி. பழகியதும் கண்ணை மூடி. அதுவும் பழகியதும் மடித்த கம்பளியின் மேல். கண்ணை மூடினால் செவியும் பாதமும் கூடுதலாக வேலை செய்யப் பழகும்.

தண்ணீர் பாட்டில்: ஒரு லிட்டர் பாட்டிலில் முக்கால் பங்கு தண்ணீர் நிரப்பி, பிஸ்டல் பிடிப்பது போல நீட்டி 10 நொடி. நீர்மட்டம் ஆடுவதைக் கண்ணால் பார்க்கலாம். நடுவை லேசாக இறுக்கியும் இறுக்காமலும் மாற்றி மாற்றிப் பாருங்கள். நான் சொல்லும் விளக்கத்தைவிட அந்தத் தண்ணீர் நன்றாக விளக்கும்.

மொத்தம் 25 நிமிடம். வாரத்தில் மூன்று நாள், இடையில் ஒரு நாள் ஓய்வு. சுடுவதற்கு முன்னால் செய்யக் கூடாது. களைத்த தசை நடுங்கும். சுட்ட பிறகோ, சுடாத நாளிலோ செய்யலாம். போட்டிக்கு முந்தைய இரண்டு நாள் மூச்சுப் பயிற்சி மட்டும் போதும். ஆறு முதல் எட்டு வாரத்தில் மாற்றம் தெரியும். அதை வயிற்றின் வடிவத்தில் தேடாதீர்கள். போட்டித் தாளில் முதல் 10 குண்டுகளின் கூட்டுத்தொகையையும் கடைசி 10 குண்டுகளின் கூட்டுத்தொகையையும் எழுதி வாருங்கள். இரண்டுக்கும் உள்ள இடைவெளி சுருங்கினால் நடு பலப்படுகிறது என்று அர்த்தம்.

எல்லைகளும் எச்சரிக்கைகளும்

நடு பலமானால் பதக்கம் உறுதி என்று நான் சொல்ல வரவில்லை. 2003இல் ஆஸ்திரேலியாவில் சிறந்த ரைஃபிள் வீரர்களை ஆராய்ந்தபோது, உடல் ஆட்டத்துக்கும் புள்ளிக்கும் உள்ள தொடர்பு ஆளுக்கு ஆள் மாறுபட்டது. ஒருவருக்கு முன்பின் ஆட்டம் கெடுதல்; மற்றவருக்கு வேறு. விசை இழுப்பு, குறி பிடித்தல், மன அமைதி எல்லாம் தனித்தனிப் பாடங்கள். நடு என்பது அந்தப் பாடங்களை எழுதும் பலகை. பலகை ஆடினால் எழுத்து கோணும். பலகை நின்றுவிட்டதாலேயே எழுத்து தானாக வந்துவிடாது.

ரைஃபிள் வீரர்கள் அணியும் கெட்டியான மேலங்கி உடம்பைத் தாங்கும். ஆனால் அதன் கனத்துக்கும் விறைப்புக்கும் சர்வதேசச் சம்மேளனம் வரம்பு வைத்திருக்கிறது. அங்கியை நம்பி நடுவை விட்டுவிட முடியாது. பிஸ்டல் வீரருக்கு அந்த அங்கியும் கிடையாது. நடுக்கத்தை அடக்க மாத்திரை உண்டாமே என்று கேட்பவர்களும் உண்டு. இதயத் துடிப்பைத் தணிக்கும் பீட்டா பிளாக்கர் மருந்துகள் இந்த விளையாட்டில் தடை செய்யப்பட்டவை. 2008 பெய்ஜிங்கில் வட கொரியாவின் கிம் ஜோங் சு அப்படிப்பட்ட மருந்து கண்டுபிடிக்கப்பட்டு இரண்டு பதக்கங்களை இழந்தார். வீட்டில் தாத்தாவின் ரத்த அழுத்த மாத்திரை இருக்கலாம். பிள்ளையின் பக்கம் அது போகவே கூடாது.

வலியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பயிற்சியில் தசை களைப்பது சகஜம். ஆனால் முதுகின் ஒரே இடத்தில் குத்தும் வலி, காலுக்கு இறங்கும் வலி, மரத்துப் போதல், தூக்கத்தைக் கெடுக்கும் வலி, பின்னுக்கு வளைந்தால் கூடும் வலி ஆகியவற்றில் எது இருந்தாலும் பயிற்சியை நிறுத்தி மருத்துவரைப் பாருங்கள். வளரும் வயதில் முதுகெலும்பின் வளையத்தில் நுண்ணிய முறிவு ஏற்படக்கூடும். "விளையாட்டுன்னா வலி இருக்கத்தான் செய்யும்" என்று தட்டிக் கழிக்க வேண்டாம்.

பெற்றோருக்கு

இறக்குமதி ரைஃபிளின் விலை லட்சக்கணக்கில். அதற்காக நகையை அடகு வைத்த குடும்பத்தையும் எனக்குத் தெரியும். மேலே சொன்ன பயிற்சிகளுக்குத் தேவை ஒரு பாய், ஒரு கம்பளி, ஒரு ரப்பர் பட்டை, ஒரு தண்ணீர் பாட்டில். துப்பாக்கியே தேவையில்லை. எனவே பிள்ளை ஆசைப்படும்போது முதலில் துப்பாக்கிக் கடைக்குப் போகாதீர்கள். மூன்று மாதம் பாயில் நடுவைக் கட்டட்டும். அந்த மூன்று மாதப் பொறுமை இருக்கும் பிள்ளைக்குத்தான் இந்த விளையாட்டு; அது இல்லாத பிள்ளைக்கு வேறு நல்ல விளையாட்டு எத்தனையோ இருக்கிறது. அந்த மூன்று மாதமும் வீண் போகாது. நடு பலமான பிள்ளை எந்த விளையாட்டுக்குப் போனாலும், கணினி முன்னால் உட்கார்ந்து வேலை பார்க்கப் போனாலும்கூட, அந்தப் பலம் கூடவே வரும்.

கடலூரில் பிறந்து அகமதாபாத்தில் வளர்ந்த ஒரு பெண் உலக மேடையில் நின்று காட்டியிருக்கிறார். பிறந்த மண்ணைவிட்டுத் தூரத்தில் வளரும் நம் பிள்ளைகள் எந்த ஊர் மண்ணில் கால் ஊன்றினாலும், நடு நிமிர்ந்து, வலியில்லாமல், நெடுநேரம் நிற்கட்டும். குறி தானாகக் கைகூடும்.